பாயும் சேவலை என்ன செய்வது? வளவில் கோழி வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில் எங்கள் வளவு பெரியதில்லை. கிணற்றடி, நாலு தென்னை, ஒரு கொய்யா, பின்வேலியோடு ஒட்டிய கோழிக்கூடு, அவ்வளவுதான். அதில் ஒரு சிவப்புச் சேவலை முருகன் கோயிலுக்கென்று நேர்ந்து வளர்த்தோம். நேர்ந்த சேவல் என்பதால் யாரும் அதை விரட்டுவதில்லை. குஞ்சிலிருந்தே மடியில் வைத்துச் சோறு தீத்தினோம். ஏழாம் மாதத்தில் ஒரு நாள், தவிட்டு வாளியோடு திரும்பிய அம்மாவைப் பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலில் அடித்தது. "இளந்தாரி ஆகிட்டான்" என்று சொல்லி விட்டுவிட்டோம். மூன்று கிழமை கழித்து, கொய்யாப்பழம் பொறுக்கப் போன தங்கச்சியின் மகளுக்குக் கண்ணுக்கு ஒரு விரல் கீழே சேவலின் கால்முள் இறங்கியது. நாலு வயதுப் பிள்ளை. கண் தப்பியது தெய்வாதீனம்.

அந்த மூன்று கிழமையை நாங்கள் வீணாக்காமல் இருந்திருந்தால் பிள்ளையின் முகத்தில் அந்தத் தழும்பு வந்திருக்காது. அதற்குப் பிறகு படித்தும் கேட்டும், இன்னும் மூன்று சேவல்களோடு பழகியும் அறிந்துகொண்டதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். "பாய்ந்தால் கறிதான்" என்பவர்களும், "என்ன செய்தாலும் அதை அறுக்கமாட்டேன்" என்பவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

காயம் பட்டிருந்தால் முதலில் அது

சேவலின் முள் ஊசி போலக் குத்தி இறங்கும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும். ஆழம் உள்ளே இருக்கும். நாள் முழுக்க எருவையும் மண்ணையும் கிளறுகிற காலில் இருக்கும் முள் அது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கோப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதையும் அப்ப வேண்டாம். கடைசியாக ஏற்பு (டெட்டனஸ்) ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். விசர்நோய் வருமா என்று பலர் பயப்படுகிறார்கள். அது நாய், பூனை போன்ற பாலூட்டிகளால் பரவும் நோய், கோழியால் வராது. கண்ணிலோ கண்ணை ஒட்டியோ பட்டால், தேய்க்காமல், அழுத்தாமல், சுத்தமான துணியால் இலேசாக மூடிக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்களின் காலில் பட்ட சிறு கொத்தையும் சிறிதாக நினைக்காதீர்கள். காலில் நாளங்கள் புடைத்துச் சுருண்டிருக்கும் வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட. தென் அவுஸ்திரேலியாவில் முட்டை எடுக்கப் போன 76 வயதுப் பெண் ஒருவரைச் சேவல் காலில் கொத்த, புடைத்திருந்த நாளம் உடைந்து இரத்தம் போயே அவர் இறந்திருக்கிறார். 2019 இல் மருத்துவ இதழ் ஒன்றில் அது பதிவானது. அப்படி இரத்தம் பீறிட்டால், படுக்க வைத்து, காலை உயர்த்தி, துணியால் இறுக்கி அழுத்திப் பிடித்தபடியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வளவில் கோழிகளுக்குத் தீன் போடுவது பெரும்பாலும் அம்மம்மாக்கள்தான். அதனால்தான் இதை முதலில் எழுதினேன்.

சேவல் ஏன் பாய்கிறது

காவல்தான் சேவலின் தொழில். பருந்து வானத்தில் வந்தால் ஒரு சத்தம் போடும், கீரியோ நாயோ தரையில் வந்தால் வேறு சத்தம் போடும். பேடுகளும் அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டு, முதலாவதற்குப் பற்றைக்குள் ஓடும், இரண்டாவதற்குத் தலையை நிமிர்த்திப் பார்க்கும். ஒரு காலை நேரம் கூட்டருகே உட்கார்ந்து கவனித்தால் உங்களுக்கே விளங்கும். இந்தக் காவல் குணம் மனிதர் பக்கம் திரும்புவதுதான் நம் பிரச்சினை.

திரும்புவதற்கு எனக்குத் தெரிந்து மூன்று முக்கிய காரணங்கள். முதலாவது வயது. ஐந்தாறு மாதத்தில் கொண்டை சிவந்து, கூவத் தொடங்கும்போது உடம்பில் ஆண் சுரப்பு ஏறுகிறது. அதிலிருந்து ஒரு வயது வரைக்கும் தன் இடம் எது என்று சோதித்துப் பார்க்கும் காலம். இரண்டாவது, நாங்கள் செய்த பிழை: ஆண் குஞ்சைத் தூக்கிக் கொஞ்சி வளர்ப்பது. அதற்கு மனிதரிடம் இருக்க வேண்டிய தூரம் இல்லாமற் போகிறது. நம்மையும் இன்னொரு சேவல் என்று எண்ணிப் போட்டிக்கு வருகிறது. பேட்டுக் குஞ்சைக் கொஞ்சுங்கள், குற்றமில்லை. சேவற் குஞ்சுக்குத் தீனை நிலத்தில் போடுவதோடு நிறுத்துங்கள். மூன்றாவது, நம் பயம். ஒருமுறை நீங்கள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினால் அது வென்றுவிட்டது; வென்றதை மறக்காது.

வெளிநாட்டுக் குறிப்புகளில் "வசந்த காலத்தில் சேவல் மூர்க்கமாகும், பிறகு தணியும்" என்று எழுதியிருப்பார்கள். பகல் நீளும்போது அங்கே சுரப்பு ஏறுகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசம் இல்லை. ஆகவே காலம் மாறினால் தானாகத் தணியும் என்று நாம் காத்திருக்க முடியாது.

ஐந்து நாள் கவனித்து எழுதுங்கள்

ஒரு கொப்பியில் நாலு விடயம் குறியுங்கள்: யார் மேல் பாய்ந்தது, எந்த இடத்தில், அவர் கையில் என்ன இருந்தது, என்ன உடுத்தியிருந்தார். நாங்கள் எழுதிப் பார்த்தபோது, காற்சட்டை போட்ட தம்பியை அது ஒருநாளும் தொடவில்லை. சாரம், சேலை, பிள்ளையின் பாவாடைச் சட்டை, இவைதான் குறி. கச்சான் காற்றுக் காலம் அது. தென்மேற்கிலிருந்து சூடாக அடிக்கிற காற்றில் துணியின் விளிம்பு படபடத்தால், சேவல் கண்ணுக்கு அது செட்டை அடிக்கும் எதிரி. சில சேவல்களுக்கு நீல வாளி, சிலவற்றுக்கு ரப்பர் செருப்பின் சத்தம், சிலவற்றுக்கு முட்டையிடும் பெட்டிக்குப் பக்கத்தில் யாராவது குனிவது.

பாய்வதற்கு முன் அது காட்டும் அடையாளங்களையும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு செட்டையைத் தரையில் உரசுமளவு இறக்கிப் பக்கவாட்டில் வளைந்து நடக்கும். பேட்டுக்கு முன்னால் செய்தால் அது காதல், உங்களுக்கு முன்னால் செய்தால் சவால். கழுத்து மயிர் குடை போல விரியும். தலையைத் தாழ்த்தி உங்கள் காலையே பார்க்கும். தரையில் ஒன்றுமில்லாத இடத்தில் கொத்துவது போலப் பாசாங்கு செய்யும். இந்தக் கட்டத்தில் பிடித்துக்கொண்டால் வேலை பாதி.

நெடுநாள் சாதுவாக இருந்த சேவல் திடீரென்று மாறினால் இரவில் பிடித்து உடம்பைப் பாருங்கள். செட்டைக்கு அடியிலும் குதத்தைச் சுற்றியும் பேன் இருக்கிறதா, பாதத்தின் அடியில் கட்டி இருக்கிறதா, ஒரு கண் மங்கியிருக்கிறதா? பார்வை குறைந்த சேவல் பக்கத்தில் வருவதெல்லாம் எதிரி என்று அடிக்கும். காற்செதில்கள் கிளம்பித் தடித்திருந்தால் அது செதிலுக்கு அடியில் வாழும் சிற்றுண்ணி. சில நாட்களுக்கு ஒருமுறை தேங்காயெண்ணெய் தடவிவர மூச்சடைத்துச் சாகும். மற்றவற்றுக்குப் பிரதேச கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

வளவைத் திருத்துங்கள்

பிள்ளைகள் நடமாடும் இடமும் சேவல் நடமாடும் இடமும் இன்றைக்கே பிரிய வேண்டும். பழக்குவது பிறகு. பழைய மீன்வலையும் நாலு கம்பும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் வேலை முடியும். நம்மூரில் பழைய வலைக்குப் பஞ்சமில்லை. கிணற்றடி, மலசலகூடம், படலை, இந்த மூன்றுக்கும் போகும் வழி சேவலின் பக்கம் வரக்கூடாது. தீனும் தண்ணீரும் வேலிக்கு வெளியே நின்றபடி வைக்கக்கூடிய மாதிரி அமையுங்கள். முட்டைப் பெட்டியையும் அப்படியே வெளியிலிருந்து திறக்கும்படி வைத்தால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

நெருக்கம் சண்டையை வளர்க்கும். அடைத்து வளர்ப்பதென்றால் ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் நாலு சதுர அடி, வெளியே பத்துச் சதுர அடி என்பது பொதுவான கணக்கு. கச்சான் மாதங்களில் தண்ணீரை இரண்டு இடத்தில், நிழலில் வையுங்கள். தண்ணீருக்கு முட்டிமோதும் வளவில் எந்தப் பழக்கமும் பலிக்காது.

பாயும் அந்த நேரத்தில்

அம்மா சொல்வது இது: "ஓடாத மனே, நில்லு. ஓடினா மறுகா விடமாட்டான்." ஓடாதீர்கள், பின்வாங்காதீர்கள், முதுகு காட்டாதீர்கள். நேராகத் திரும்பி, உடம்பை நிமிர்த்தி, ஒரு அடி அதன் பக்கமே வையுங்கள். கையில் தும்புத்தடி இருந்தால் குறுக்கே பிடித்து, வேலி போல உங்களுக்கும் அதற்கும் இடையில் வையுங்கள். அதனால் அடிக்க வேண்டாம். தள்ளி நடத்துவதற்குத்தான் தடி. அது விலகித் தலையைத் திருப்பி நிலத்தைக் கொத்தத் தொடங்கும்வரை நகராதீர்கள். விலகியதும் நீங்களும் விட்டுவிடுங்கள், துரத்திக்கொண்டே போக வேண்டாம்.

காலால் உதைக்க ஆசை வரும். உதைப்பதுதான் சேவல்கள் சண்டை போடும் முறை. நீங்கள் உதைத்தால் சண்டையை ஏற்றுக்கொண்டீர்கள் என்று அதற்கு அர்த்தம். அடுத்த முறை இன்னும் உயரப் பாயும். கல்லெறிவதும் அப்படித்தான். தலையைத் தரையில் அமுக்கிப் பிடித்து "யார் பெரியவன்" என்று காட்டச் சொல்பவர்களும் உண்டு. நான் அதைச் செய்யமாட்டேன். பயந்த சேவல் பின்னாலிருந்து அடிக்கப் பழகும்.

இந்த நாட்களில் வயலுக்குப் போடும் நீளமான ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போங்கள். கால் பாதுகாப்பாக இருந்தால் மனமும் நிற்கும்.

இரண்டு கிழமைப் பழக்கம்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பெரும்பாலானோர் கோட்டைவிடுவதும் இங்கேதான். வீட்டிலுள்ள பெரியவர்கள் அத்தனை பேரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். ஒருவர் நிமிர்ந்து நிற்க, மற்றவர் ஓட, இன்னொருவர் கல்லெறிய, சேவலுக்கு எதுவும் விளங்காது.

முதல் மூன்று நாள், அது யார் மேல் பாய்கிறதோ அவரே வேலிக்கு வெளியே நின்று குறுணல் அரிசியோ தேங்காய்த் துருவலோ எறியட்டும். கையால் தீத்த வேண்டாம். தூரத்தில், பேடுகளுக்கு நடுவே விழும்படி எறியுங்கள். சேவல் அந்தத் தீனைக் கொத்தி எடுத்துப் போட்டுக் "குக்குக்குக்" என்று பேடுகளைக் கூப்பிடும். நீங்கள் வந்தால் தன் கூட்டத்துக்குச் சாப்பாடு வருகிறது என்ற எண்ணம் அதற்கு ஊறட்டும்.

நாலாம் நாளிலிருந்து உள்ளே போங்கள். மெதுவாக, ஆனால் தயங்காமல் நடவுங்கள். சேவல் வழியில் நின்றால் சுற்றிப் போகாதீர்கள், அது விலகட்டும். விலகாவிட்டால் தும்புத்தடியைக் குறுக்கே பிடித்துத் தள்ளிக்கொண்டு போங்கள். ஐந்து நிமிடம் போதும். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை.

அதோடு ஒவ்வொரு இரவும் ஒரு வேலை. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, அடைந்த இடத்திலிருந்து சுலபமாகத் தூக்கலாம். இரண்டு செட்டையையும் உடம்போடு சேர்த்து அணைத்து, கால்களை மறு கையால் பிடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வளவைச் சுற்றி நடவுங்கள். முதல் நாள் திமிறும். உடம்பு தளர்ந்து அமைதியாகும்வரை இறக்காதீர்கள். திமிறும்போது இறக்கினால் திமிறினால் விடுவார்கள் என்று பழகிவிடும். "முன்பு கொஞ்சினது பிழை என்றீர்களே?" என்று கேட்பீர்கள். கொஞ்சும்போது குஞ்சு தன் விருப்பப்படி ஏறி இறங்கியது. இப்போது எப்போது தூக்குவது, எப்போது விடுவது என்பதை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். சந்தையில் செய்வது போல இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவே வேண்டாம். கோழிக்கு நம்மைப் போல நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் மூச்சுத்தசை இல்லை. தலைகீழாகத் தொங்கினால் குடலின் பாரம் காற்றுப் பைகளில் விழுந்து மூச்சுத் திணறும். அது அடங்கிவிட்டது என்று நாம் நினைப்பது உண்மையில் அந்தத் திணறல்.

இளஞ்சேவல்களில் இரண்டு கிழமையில் மாற்றம் தெரியத் தொடங்கும். என்னிடம் வந்த மூன்றில் இரண்டு திருந்தின. இரண்டு வயதைத் தாண்டி, பலமுறை வென்று பழகிய சேவலில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள்.

முள்ளை மழுக்குதல்

குணத்தை இது மாற்றாது. காயத்தின் ஆழத்தைக் குறைக்கும். முள்ளின் உள்ளே உயிருள்ள எலும்பு இருக்கிறது, மேலே நகம் போன்ற உறை. வெட்ட வேண்டியது உறையின் நுனி மட்டும். இரவில் ஒருவர் துவாயால் சுற்றிப் பிடிக்க, மற்றவர் பின்னாலிருந்து டோர்ச் வெளிச்சம் காட்டினால் உள்ளே கருமையாகத் தெரியும் பகுதி எதுவரை என்று மட்டிட முடியும். அதற்கு நன்றாக முன்னாலேயே நிறுத்தி, அரத்தால் தேய்த்து நுனியை உருண்டையாக்குங்கள். கத்தியும் கத்தரிக்கோலும் உறையைப் பிளந்துவிடும். தவறி இரத்தம் வந்தால் சோளமாவையோ கோதுமை மாவையோ வைத்து நாலைந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சுட்ட உருளைக்கிழங்கை முள்ளில் குத்தி வைத்து உறையைத் திருகிக் கழற்றும் முறை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அந்த வேதனையை ஒரு உயிருக்குக் கொடுக்காதீர்கள்.

பேடுகளையும் மற்றச் சேவல்களையும் வதைத்தால்

பேடுகளின் முதுகில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தால் சேவல் அதிகம், பேடு குறைவு. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பேடு என்பது கணக்கு. மூன்று பேட்டுக்கு ஒரு சேவல் வைத்திருக்கும் வளவுகள் நம் பக்கம் நிறைய. முதுகு புண்பட்ட பேட்டைப் பிரித்து வையுங்கள், இல்லாவிட்டால் மற்றக் கோழிகள் அந்தச் சிவப்பைக் கொத்தியே பெரிதாக்கும். பழைய காற்சட்டைத் துணியை வெட்டி, செட்டைக்கு இரண்டு இலாஸ்டிக் வைத்து முதுகுக்குச் சட்டை தைத்துப் போட்டாலும் மயிர் முளைக்கும்வரை தாங்கும்.

இரண்டு சேவல் ஒன்றாக வளர்ந்திருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள் ஒரு வரிசை வைத்துக்கொண்டு வாழும். ஒன்றைச் சில நாள் பிரித்துவிட்டுத் திரும்ப விட்டால் அந்த வரிசை அழிந்து புதுச் சண்டை தொடங்கும். இதைப் பலர் யோசிப்பதில்லை. மிஞ்சிய சேவல்களைப் பேடுகள் கண்ணில் படாதபடி கிடுகு மறைப்புக்குப் பின்னால் தனியாக ஒன்றாக அடைத்தால், ஆச்சரியம், அடங்கி இருக்கும்.

லாகுகலை, பாணமைப் பக்கம் காட்டோரம் குடியிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. காட்டுச் சேவல் விடிய வளவுக்குள் வந்து வீட்டுச் சேவலோடு மோதும். அது நம் நாட்டுக்கே உரிய பறவை, தேசியப் பறவை. அதைப் பிடிக்கவோ அடிக்கவோ கூடாது. வெயில் ஏறும்வரை உங்கள் கோழிகளைக் கூட்டில் வைத்திருப்பதுதான் வழி.

முடிவெடுக்கும் கட்டம்

நாலு கிழமை ஒழுங்காகப் பழக்கியும் பாய்ந்தால், அல்லது ஒருமுறையேனும் சிறுபிள்ளையின் முகத்துக்குப் பாய்ந்திருந்தால், அந்தச் சேவல் அந்த வளவில் இருக்கக்கூடாது. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. முட்டைக்காகச் சேவல் வேண்டும் என்று யோசிக்கிறீர்களா? சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும். கருவில்லாத முட்டை நம் சூட்டில் அதிக நாள் கெடாமலும் இருக்கும், ஏனென்றால் கருவுள்ள முட்டை இந்த வெக்கையில் உள்ளே வளரத் தொடங்கிவிடும்.

அறுப்பதென்றால் வேகமாக, பழகிய கையால் நடக்கட்டும். முஸ்லிம் அயலவருக்குக் கொடுக்க நினைத்தால் உயிரோடு கொடுங்கள். அவர்கள் தங்கள் முறைப்படி அறுக்க வேண்டும். வளர்க்கக் கொடுப்பதென்றால் குணத்தை மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள், சிறுபிள்ளை இருக்கும் வீட்டுக்கு வேண்டாம். சேவற்சண்டைக்குத் தேடி வருபவர்களுக்கு எந்த விலைக்கும் கொடுக்காதீர்கள்.

எங்கள் சிவப்பன் பெரியவர்களிடம் அடங்கினான், பிள்ளையைக் கண்டால் செட்டையை இறக்கினான். நேர்ந்த சேவலை என்ன செய்வது என்று அம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தா. கடைசியில் திருவிழா வரைக்கும் பொறுக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ஒப்படைத்தோம். கோயில்காரரிடம் விடயத்தைச் சொல்லியே கொடுத்தோம். ஏலத்தில் எடுத்தவர் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வாடியில் தனியாக இருக்கும் வயற்காரர். அவரிடமும் தங்கச்சியின் மகளின் தழும்பைக் காட்டிச் சொன்னேன். "காவலுக்கு இப்படி ஒண்டுதான் தேவை" என்றார்.

அடுத்த சேவல்

குணம் இரத்தத்திலும் ஓடும். பாயும் சேவலின் முட்டையை அடை வைக்காதீர்கள். பழைய சேவல் போன பிறகும் பேட்டின் உடம்பில் அதன் விந்து இரண்டு மூன்று கிழமை உயிரோடு இருக்கும். ஆகவே புதுச் சேவல் வந்து நாலு கிழமை கழிந்த பிறகே முட்டை சேர்க்கத் தொடங்குங்கள். சண்டைக்கோழி இரத்தம் கலந்த உயரமான, கழுத்து நீண்ட சேவல் பார்க்க அழகு; பிள்ளைகள் உள்ள வளவுக்கு எடுக்காதீர்கள். நாலைந்து சேவற் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, எட்டு மாதம் வரை பார்த்து, பேட்டைக் கூப்பிட்டுத் தீன் கொடுக்கிற, நீங்கள் நடந்தால் இரண்டு அடி விலகுகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களிடம் நிற்பது அப்படித் தெரிந்தெடுத்த ஒரு சாம்பல் சேவல். தங்கச்சியின் மகளுக்கு இப்போது ஆறு வயது. பின்னேரங்களில் அவளும் அம்மாவும் வலைக்கு வெளியே நின்று குறுணல் எறிகிறார்கள். உள்ளே போக இன்னும் அவளை விடவில்லை.